பொழுது சாயுமுன் தருகிறேன்: காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டர் வரலாறு

"மழை பிடித்துக்கொண்டது, சரக்கு இரண்டு நாள் தள்ளித்தான் வரும்." ஐப்பசி பிறந்துவிட்டால் காஞ்சியில் இந்தச் சொல்லைச் சொல்லாத வாயும் இல்லை, கேளாத காதும் இல்லை. சாயம் தோய்த்த நூல் காயவில்லை என்பார் சாயக்காரர். தெருவில் பாவு நீட்டிக் கட்ட முடியவில்லை என்பார் நெசவாளர். குழித்தறியில் தண்ணீர் ஊறிவிட்டது, காலை எங்கே வைத்து மிதிப்பது என்பார் இன்னொருவர். இவற்றில் எதுவும் பொய் அல்ல. தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழையின் நட்ட நடுவில். ஆண்டிலேயே ஆர்டர் மிகுதியாகக் குவியும் காலமும், நூல் காய மறுக்கும் காலமும் ஒன்றாகவே வந்து நம்மைச் சோதிக்கின்றன.

இந்தச் சோதனைக்கு முகங்கொடுத்த ஒருவர் அறுபத்து மூன்று நாயன்மாரில் இருக்கிறார். நம் ஊர்க்காரர். சலவைத் தொழிலாளி. ஒரு துணியை வாங்கினார், இன்ன பொழுதுக்குள் தருகிறேன் என்று கெடு சொன்னார், மழை வந்துவிட்டது. அதற்குப் பின் அவர் செய்ததைத்தான் தொள்ளாயிரம் ஆண்டுகளாகத் தமிழ்நாடு பேசிக்கொண்டிருக்கிறது. திருக்குறிப்புத் தொண்ட நாயனார் என்ற அந்த அடியவரின் வரலாற்றை வணிகர் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று நூல்கள் சொல்லும் வரலாறு

நாயன்மார் வரலாறுகளுக்கு அடிப்படை சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய திருத்தொண்டத் தொகை. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர் கொள்ளும் அப்பதிகத்தில் நம் அடியவருக்குக் கிடைத்திருப்பது பெயர் மட்டுமே. ஊர் இல்லை, தொழில் இல்லை, கதை இல்லை. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி, தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாட்டு ஒதுக்கினார். அதில் காஞ்சி வருகிறது, ஏகாலியர் குலம் வருகிறது, மழை வருகிறது, பாறையில் தலையை மோதுவதும் வருகிறது. ஏகாலியர் என்பது துணி வெளுப்போரைக் குறிக்கும் பழைய சொல். இதே செய்தியை விரித்து முழு வரலாறாகத் தந்தவர் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான்.

நம்பியின் பாட்டையும் சேக்கிழாரின் புராணத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வணிகர் கண்ணுக்கு ஒரு வேறுபாடு உடனே படும். நம்பியின் பாட்டில் கெடு இல்லை. அடியார் துணியைத் துவைத்து உலர்த்த வேண்டும், மழை விடவில்லை, விடாவிட்டால் உயிரை விடுவேன் என்கிறார் தொண்டர், அவ்வளவுதான். "சூரியன் மேற்கில் சாயுமுன் தர வேண்டும்" என்ற நிபந்தனையையும், "தருகிறேன்" என்ற ஒப்புதலையும் வரலாற்றின் நடுவில் நிறுத்திக் காட்டியவர் சேக்கிழார். அவர் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. நிர்வாகம் தெரிந்தவர், நாளும் பொழுதும் குறித்துக் கொடுக்கும் வாக்கு எவ்வளவு கனமானது என்பதை அறிந்தே பாடியிருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் தொண்டை நாட்டைச் சேர்ந்தது. இன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சொந்த நாட்டைப் பாட வாய்ப்புக் கிடைத்தால் யார்தான் விடுவார்? இந்தப் புராணத்தின் 128 பாடல்களில் மிகப் பெரும் பகுதி தொண்டை நாட்டுக்கும் காஞ்சி நகருக்கும் போய்விட்டது. நாயனார் கதை கடைசியில் சில பாடல்களில் முடிந்துவிடுகிறது. நேரே கதைக்குப் போகலாமே என்று பலர் இந்த முற்பகுதியைத் தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாது. பின்னால் வரப்போகும் மழையின் பொருள் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

முற்பகுதி முழுவதும் தண்ணீர்தான். கோடையில் பாலாறு வறண்டு மணல் மேடிட்டுக் கிடக்கும்போது உழவர்கள் மணலைக் கையால் அளைய, நீர் சுரந்து வருவதைக் குழந்தை தொட்டதும் தாய்க்குப் பால் சுரப்பதோடு ஒப்பிடுகிறார். அடுத்து காமாட்சியம்மை தவம் வருகிறது. அம்மை கம்பை ஆற்றங்கரையில் மாவடியில் இலிங்கத் திருமேனியை வழிபட்டிருக்க, ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்து வருகிறது. வெள்ளத்தை வரவிட்டவரும் இறைவரே. அம்மை இலிங்கத்தை மார்போடு தழுவிக் காக்க, இறைவர் அந்தத் தழுவலுக்குக் குழைந்தார். ஏகாம்பரநாதர் திருமேனி மண்ணாலானது என்பதும், பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி மண்ணுக்கு உரியது என்பதும் நாம் அறிந்தவையே. அதன் பிறகு அம்மை காஞ்சியில் இருந்து முப்பத்திரண்டு அறங்களை வளர்த்த செய்தி. சோறு போடுவதும் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் மட்டும் அந்த அறங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மரபாக வழங்கும் முப்பத்திரண்டின் பட்டியலில் ஏழைகளுக்கு வண்ணாரை அமர்த்தித் துணி வெளுத்துக் கொடுப்பதும் ஓர் அறமாக இடம்பெற்றிருக்கிறது. நகரைப் பற்றிப் பாடிய கையோடு சேக்கிழார் சலவைத் துறைக்கு வருவது தற்செயல் அல்ல.

கேட்டு வாங்கிய வேலை

தொண்டரின் இயற்பெயரைப் புராணம் சொல்வதில்லை. திருக்குறிப்புத் தொண்டர் என்பது அவர் செய்த தொண்டால் வந்த பெயர். சிவனடியாரின் உள்ளக் குறிப்பை, அவர் வாய் திறக்குமுன் முகத்தைப் பார்த்தே அறிந்து ஏவல் செய்பவர் என்பது பொருள். அவருடைய தொழிலிலும் ஒரு குறி உண்டு. எந்த வீட்டுத் துணி எது என்று மாறிப்போகாமல் இருக்கச் சேராங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் போடும் சலவைக்குறிதான் அது. அழுக்கு மூட்டையில் நூறு வீட்டுத் துணி கலந்து கிடந்தாலும் குறியைப் பார்த்து இன்னாருடையது என்று எடுத்து வைக்கும் கண், ஆளைப் பார்த்து இன்னது வேண்டும் என்று அறியும் கண்ணாகவும் ஆனது போலும். இது நம் கற்பனை. புராணத்தில் தேட வேண்டாம்.

குளிர் மிகுந்த ஒரு நாள். ஏழையாக, இளைத்த உடம்போடு, திருநீறு பூசி, அழுக்கேறிய ஒரு கந்தையைப் போர்த்துக்கொண்டு ஓர் அடியார் வருகிறார். வந்தவர் ஏகாம்பரநாதரே என்பது கேட்பவர்க்குத் தெரியும், தொண்டருக்குத் தெரியாது. கண்டதும் வணங்கி, "திருமேனி இப்படி இளைத்திருக்கிறதே, என்ன காரணம்?" என்று கேட்கிறார். பிறகு, "இந்தக் கந்தையைக் கொடுங்கள், வெளுத்துத் தருகிறேன்" என்கிறார். கவனிக்க வேண்டும்: வந்தவர் வேலை கொண்டுவரவில்லை. தொண்டர்தாம் கேட்டு வாங்கினார்.

வந்தவர் யோசிக்கிறார். "அழுக்கேறிக் கையால் தொடக்கூடத் தகாத துணிதான். ஆனாலும் குளிருக்கு எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது, விட முடியாது. சூரியன் மறையுமுன் திருப்பித் தருவதானால் எடுத்துக்கொள்ளும்" என்கிறார். "காலம் தாழ்த்த மாட்டேன், பொழுது சாயுமுன் தந்துவிடுகிறேன்" என்று தொண்டர் ஒப்புக்கொள்கிறார். அடியார் விடவில்லை. "தராவிட்டால் இந்த உடம்புக்கு நீர் துன்பம் செய்தவர் ஆவீர்" என்று சொல்லிவிட்டே கந்தையைக் கொடுக்கிறார்.

ஓர் ஒப்பந்தத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. பொருள் எது என்பது தெரியும், செய்ய வேண்டிய வேலை தெரியும், கெடு தெரியும், தவறினால் யாருக்கு என்ன நட்டம் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. இல்லாதது ஒன்றே ஒன்று, கூலி. தொண்டுக்குக் கூலி இல்லை என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. நாம் செய்வது வணிகம். இங்கே கூலி உண்டு, இருந்தாக வேண்டும். இந்த வரலாற்றைச் சொல்லி யாராவது நெசவாளர் கூலியைத் தள்ளிப்போட்டால், அவர் புராணத்தைப் பிழையாகப் படித்தவர்.

அடுத்த கட்டம் தொழில் தெரிந்தவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம். கையில் இருப்பது ஒரு கந்தை; கெடுவோ மாலை வரைதான். தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து வெயிலில் போட்டிருந்தால் நடுப்பகலுக்குள் காய்ந்திருக்கும். வந்தவரும் குறை சொல்லியிருக்க மாட்டார். தொண்டர் அப்படிச் செய்யவில்லை. துறைக்குக் கொண்டுபோய் முதலில் மேலழுக்கைப் போக்கினார். பிறகு ஆவியில் நன்றாகப் புழுக்கினார். வெள்ளாவி என்று நாம் சொல்கிறோமே, அதுதான். மண்ணோ சாம்பலோ கலந்த காரத்தில் துணியை நனைத்து அடுப்பின் மேல் ஆவி ஏற்றும்போது, நூலுக்குள் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கும் வேர்வையும் இளகி வெளியே வரும். அதன் பிறகு கல்லில் தப்பினால்தான் துணி வெளுக்கும். அவசர வேலை என்று ஆவியைத் தவிர்த்தால் மேலுக்குப் பளிச்சென்று தெரியும், இரண்டு நாளில் பழுப்பு ஏறும். நல்ல வேட்டிக்குச் செய்ய வேண்டிய முழு வேலையையும் ஒரு கந்தைக்குச் செய்தார் என்பதே சேக்கிழார் சொல்லாமல் சொல்லும் செய்தி. புழுக்கி முடித்து, பிரித்துத் துவைக்கத் தொடங்கும்போது நடுப்பகல் கடந்துவிட்டது. அப்போது மழை எழுந்தது.

மழையின் மேல் பழி இல்லை

திசையெல்லாம் இருண்டு ஓயாத மழை. சற்று நேரத்தில் விட்டுவிடும் என்று தொண்டர் காத்து நிற்கிறார். விடவில்லை. பொழுது போகிறது, சொன்ன எல்லை கடக்கிறது, குளிர் ஏறுகிறது. எங்கோ ஒருவர் கந்தையும் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருப்பார் என்பதே அவர் நினைவு.

அந்த நேரத்தில் அவர் வாயில் சேக்கிழார் வைக்கும் சொற்களின் கருத்து இதுதான்: மழை ஓயவில்லை, அடியார் சொன்ன எல்லையும் கழிந்தது, முன்னமே துவைத்து வீட்டுக்குள் காற்றில் உலர்த்தியிருக்கலாமே, அது எனக்குத் தெரியாமல் போயிற்றே. வானத்தைத் திட்டவில்லை. மழைக்காலத்தில் கந்தையோடு வந்தவரையும் குறை சொல்லவில்லை. தம் வேலை முறையில் எந்த இடத்தில் பிசகியது என்று தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், அதைத் தம் பெயரில் எழுதிக்கொள்கிறார். மாற்று வழியையும் அவரே சொல்லிவிடுகிறார். வெயிலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வீட்டுக்குள் காற்றில் உலர்த்தவும் இடம் வைத்திருக்க வேண்டும். இதைவிடத் தெளிவான தொழில் ஆய்வு நம் இதழில்கூட வந்திருக்குமா என்பது ஐயமே.

நம் ஒப்பந்தப் படிவங்களில் ஒரு விதி உண்டு. வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றால் சரக்கு தாமதமானால் விற்பவர் பொறுப்பல்ல என்பது. ஆங்கிலச் சட்ட மரபில் இத்தகைய நேர்வுக்குத் தெய்வச் செயல் என்றே பெயர். நாயனார் வரலாற்றில் வந்த மழை சொல்லுக்குச் சொல் தெய்வச் செயல்தான். இறைவர் அருளால் எழுந்த மழை என்றே சேக்கிழார் பாடுகிறார். துணியைக் கொடுத்தவரே மழையையும் அனுப்பினார்! வாடிக்கையாளரே சரக்கை வரவிடாமல் தடுத்துவிட்டுத் தாமதம் என்று வந்து நின்றால் எந்த நீதிமன்றமும் விற்பவர் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும். ஆனால் தொண்டர் அந்த விதியின் பக்கம் திரும்பவே இல்லை. சாக்கு இருந்தும் அதை எடுக்கவில்லை என்பதில்தான் அவர் பெருமை.

"இனி நான் செய்யக்கூடியது ஒன்றே" என்று, துணி தப்பும் அதே கற்பாறையில் தம் தலையை மோதப் போகிறார். பாறையிலிருந்து ஏகாம்பரநாதரின் திருக்கை எழுந்து பிடித்துக்கொள்கிறது. நீர்மழை பூமழையாகிறது. உமையம்மையோடு விடை மேல் இறைவர் காட்சி தந்து, "உன் நிலைமையை மூவுலகுக்கும் அறிவித்தோம், இனி நம் உலகுக்கு வந்து பிரியாமல் இருப்பாய்" என்று அருளுகிறார். கம்பையாற்று வெள்ளத்தில் அம்மையின் கைகள் இறைவரைக் காத்தன. காஞ்சி மழையில் இறைவரின் கை தொண்டரைக் காத்தது. முற்பகுதியைத் தள்ளிவிடக் கூடாது என்றோமே, இதற்காகத்தான்.

தலையை மோதியதைப் பற்றி நம் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். அது பக்தி இலக்கியத்தின் உச்சம். அதை வாழ்க்கைக்கு வழியாகக் கொள்வது தவறு. மதுரை வணிகரான மூர்த்தி நாயனார் சந்தனம் கிடைக்காதபோது தம் முழங்கையைச் சந்தனக் கல்லில் தேய்த்தார். இவர் சலவைக் கல்லில் தலையை மோதினார். இரண்டு இடத்திலும் இறைவர் தடுத்தார், அந்தச் செயலை நடக்க விடவில்லை என்பதே நமக்கு உரிய பாடம். வாக்குத் தவறியதற்காக எவரும் தம் உயிரை ஈடு வைக்கத் தேவையில்லை. கடன் சுமையாலும் கெடு நெருக்கடியாலும் மனமொடிந்து நிற்கும் தொழிலாளியோ சிறு வணிகரோ நம் சுற்றத்தில் இருந்தால், அந்தக் கல்லில் எழுந்த கை போலப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

அமர்நீதியார் வைத்த தராசு

துணியும் வாக்கும் சம்பந்தப்பட்ட இன்னொரு வரலாறு பெரிய புராணத்தில் உண்டு. அதன் நாயகர் வணிகர். சோழ நாட்டுப் பழையாறையில் பொன், மணி, பட்டு, துகில் என எல்லாம் வைத்து வாணிகம் செய்த அமர்நீதி நாயனார். திருநல்லூரில் மடம் கட்டி அடியார்க்கு அன்னமும் கோவணமும் கொடுத்துவந்தவர். அவரிடம் இறைவர் பிரமசாரியாக வந்து, தண்டில் கட்டியிருந்த கோவணங்களில் ஒன்றைக் கொடுத்து, நீராடி வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். அமர்நீதியார் அதைத் தனியிடத்தில் வைத்தார். கோவணம் மறைந்துவிட்டது. புதியது தருகிறேன் என்றால் வந்தவர் ஏற்கவில்லை. தம்மிடம் மீதமிருந்த கோவணத்துக்கு நிகரான எடை வேண்டும் என்று தராசில் வைத்தார். கடையில் இருந்த துணியெல்லாம் ஏற்றியும் தட்டு இறங்கவில்லை. பொன்னும் பொருளும் ஏற்றியும் இறங்கவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தாமும் தட்டில் ஏறினார். அப்போதுதான் தராசு சமமாக நின்றது.

இரண்டு வரலாற்றிலும் இறைவர் கொடுத்தது பட்டு அல்ல, பொன் அல்ல. ஒன்றில் கோவணம், மற்றொன்றில் கந்தை. சந்தையில் விலையே இல்லாத துணி. விலை உயர்ந்த சரக்கைப் பத்திரமாக வைத்துத் திருப்பித் தருவது பெரிய காரியமல்ல. அதற்குப் பூட்டும் உண்டு, இன்சூரன்சும் உண்டு. விலையில்லாத பொருளையும் அதற்கு உரியவர் கொடுத்த மதிப்பிலேயே வைத்துக் காப்பதுதான் கடினம். கோடிக்கணக்கில் சரக்கு எடுக்கும் நகரத்துக் கடைக்குச் சொன்ன தேதியையும், பெண்ணின் கலியாணத்துக்கு ஒரே ஒரு கூறைப் புடவைக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போன கிராமத்துத் தாய்க்குச் சொன்ன தேதியையும் நாம் ஒரே தராசில் வைக்கிறோமா? மழை வந்தால் முதலில் தள்ளிப்போவது எந்தத் தேதி என்பதை அவரவர் ஆர்டர் நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

இரு நாயன்மாருக்கும் வேறுபாடும் உண்டு. அமர்நீதியாரிடம் ஈடு கொடுக்கப் பொருள் இருந்தது. சலவைத் தொழிலாளியிடம் கல்லும் தலையும்தான் இருந்தன. கெடு தவறும்போது பணம் படைத்தவர் பணத்தால் ஈடு செய்துவிடுவார். கைத்தொழிலாளி தம் உடம்பாலேயே ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. பட்டுத் தொழிலில் இதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

யார் தலையில் மழை

ஒரு பட்டுப்புடவை கடைக்கு வரும் வழியை எண்ணிப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் முறுக்குப் பட்டு, சூரத்திலிருந்து வரும் சரிகை, உள்ளூர்ச் சாயப் பட்டறை, பாவு போடுகிறவர், தறியில் உட்காருகிறவர், கோர்வை வைத்தால் எதிர்முனையில் நாடா வாங்கித் தர இன்னொருவர், பிறகு மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ, கடைசியில் கடை. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். நடுவில் நான்கு நாள் மழை பெய்தால் அந்த நான்கு நாளின் நட்டம் யாருக்கு? கடைக்காரர் மாஸ்டர் வீவரைக் கேட்பார். மாஸ்டர் வீவர் நெசவாளரைக் கேட்பார். நெசவாளர் யாரைக் கேட்பது? தறி ஓடாத நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை. மேலிருந்து ஒவ்வொருவரும் மழையைக் கீழே தள்ளிவிட, அது கடைசியில் குழித்தறிக்குள் போய்த் தேங்குகிறது. 2015-ஆம் ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் கொட்டிய மழையில் காஞ்சிபுரம் மாவட்டம் பட்ட பாட்டை இன்னும் யாரும் மறந்திருக்க முடியாது.

நாயனார் வரலாற்றில் வாக்குக் கொடுத்தவரும் வேலை செய்தவரும் மழையில் நனைந்தவரும் ஒருவரே. அதனால் பொறுப்பு கைமாறவில்லை. நம் தொழிலில் வாக்குக் கொடுப்பவர் கடையில் விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கிறார், நனைபவர் வேறொருவர். எனவே, "முன்னமே துவைத்திருக்கலாமே" என்ற அந்த வருத்தம் வர வேண்டியது தேதி சொன்னவருக்கு. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. நாள்காட்டியில் தீபாவளி போட்டிருப்பது போலவே அதுவும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளிச் சரக்குக்கு ஆவணியிலேயே பட்டும் சரிகையும் கொடுத்து, புரட்டாசிக்குள் சாய வேலையை முடித்துக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முதலைக் கொஞ்சம் முன்னதாக முடக்க வேண்டும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஆகும் வட்டியைத்தான் ஐப்பசியில் நெசவாளர் கட்டுகிறார். ஐப்பசியில் ஆர்டர் கொடுத்துவிட்டு மழையை எதிர்பாராதது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தொண்டருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அவருக்குச் செய்தி சொல்லி அனுப்ப வழியில்லை. அடியார் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது. நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. சரக்கு தாமதம் என்பது தெரிந்த அன்றே வாடிக்கையாளருக்குச் சொன்னால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். ஆனால் பெரும்பாலும் தேதி கடந்து அவரே கடைக்கு வந்து நின்ற பிறகுதான் நமக்கு மழையின் நினைவு வருகிறது.

சரக்குக்குச் சொல்லும் கெடு போலவே பணத்துக்குச் சொல்லும் கெடுவும் வாக்குத்தான். இதில் சட்டமே நம்மை முந்திக்கொண்டது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் எடுத்த சரக்குக்கு எழுத்து உடன்பாடு இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தவறினால் வட்டி சேரும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு வருமான வரியிலும் ஒரு முடிச்சுப் போட்டது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஆயிற்று. இதன் விவரங்களை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு அஞ்சிக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். "பொழுது சாயுமுன்" என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

பெரிய புராணத்தில் நாயன்மார் வரிசையிலும் ஒரு சுவை இருக்கிறது. மும்மையால் உலகாண்ட சருக்கத்தில் திருக்குறிப்புத் தொண்டருக்கு முன்னால் வருபவர் திருநாளைப்போவார், அதாவது நந்தனார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே அந்தப் பெயர் பெற்றவர். அவருடைய நாளை, போக முடியாமல் தடுக்கப்பட்டவரின் ஏக்கம். அவருக்கு அடுத்து வருகிறார் இன்றே தருகிறேன் என்றவர். இந்த வரிசை சுந்தரர் வகுத்தது, சேக்கிழார் மாற்றவில்லை. நாளை என்ற சொல்லையே முதலாக வைத்துக் கடை நடத்தும் சிலரை நாம் அறிவோம். அவர்கள் நந்தனார் பெயரைத் துணைக்கு இழுக்க வேண்டாம்.

நாயனார் வழிபட்டு முத்தி பெற்றதாகக் கருதப்படும் முத்தீசுவரர் கோயில் காஞ்சிபுரம் காந்தி சாலையில் இருக்கிறது. பட்டுக்கடைகள் நிறைந்த அதே காந்தி சாலைதான். அங்கே நாயனாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. அவருடைய குருபூசை நாள் சித்திரை மாதத்துச் சுவாதி நட்சத்திரம். ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரப் பெருவிழாவில் அறுபத்து மூவர் உலா வரும்போதும் அவரைத் தரிசிக்கலாம். வெளியூரிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் கோயில் எங்கே என்று நம்மிடம்தான் கேட்கிறார்கள். ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் வரதராசரையும் சொல்லி அனுப்பும்போது, கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்தச் சந்நிதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.